பட்டறைக்குள் பிறர் விடும் புகை

நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்தது விருத்தாசலத்துப் பீங்கான் தொழில். களிமண்ணோடு குவார்ட்ஸ் தூளும் பெல்ட்ஸ்பார் தூளும் சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைக்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் அந்தக் கூழை ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். உட்சுவரில் ஒட்டி நிற்கும் மண் பொம்மையாகவோ விளக்காகவோ உருப்பெறும். அச்சைப் பிரித்துக் காயவைத்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில், பொம்மையின் தலையிலிருந்து அடிவரை ஒரு வரி துருத்திக்கொண்டு நிற்கும். அதைச் சிறு கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். சுரண்டச் சுரண்ட வெள்ளைப் பொடி மடியில் உதிரும், முன்கையில் படியும், புருவத்தில் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்பொடி மூச்சோடு உள்ளே போகும். பெண்கள் அதிகம் இருக்கும் வேலை இது. நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை, கார்த்திகைக்கு முன்னால் அகல்விளக்கு என்று ஆர்டர் நெருக்கும் மாதங்களில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் நேரம் இருக்காது.

அதே கூரையின் கீழ் யாரோ ஒருவர் பீடி பற்றவைக்கிறார். சூளையருகே நிற்பவராக இருக்கலாம், சரக்கு ஏற்ற வந்தவராக இருக்கலாம், பட்டறைக்காரராகவே இருக்கலாம். அவர் புகைப்பது அவர் விருப்பம் என்று நம் ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சுரண்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. புகையிலையின் தீமை பற்றிப் பேசும்போதெல்லாம் புகைப்பவரின் நுரையீரலைப் படம் போட்டுக் காட்டுகிறோம். புகைக்காமலேயே புகையை வாங்குபவர்கள் அந்தப் படத்தில் இருப்பதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

சூளை பார்த்துப் பழகிய ஊருக்கு இதன் அடிப்படையைச் சொல்வது சுலபம். சூளையில் காற்றோட்டம் நன்றாக இருந்து நெருப்பு சூடாக எரியும்போது புகை குறைவு; காற்று போதாமல் மந்தமாக எரியும்போதுதான் கரும்புகை கக்குகிறது. சிகரெட் முனையிலும் இதேதான் நடக்கிறது. வாயால் இழுக்கும் நேரத்தில் காற்று உள்ளே பாய்ந்து முனையின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறுகிறது. இழுப்புக்கும் இழுப்புக்கும் நடுவே விரலிடுக்கில் சும்மா கனியும்போது வெப்பம் இறங்கி, புகையிலை அரைகுறையாக வேகிறது. அந்த நேரத்தில் முனையிலிருந்து எழும் புகை, புகைப்பவர் உள்ளே இழுத்து வெளியே விடும் புகையைவிட நச்சு மிகுந்தது. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன், நைட்ரோசமைன்கள் எல்லாமே இதில் அதிகம். அறைக் காற்றில் சேரும் புகையில் ஏறத்தாழ 85 விழுக்காடு இப்படிச் சும்மா கனியும் முனையிலிருந்து வருவதுதான். புகைப்பவருக்காவது பில்டர் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 பொருள்கள் புற்றுநோய் உண்டாக்குபவை. புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. அந்த அளவுள்ள துகள் உடனே தரையில் படியாது. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூக்கின் மயிரும் தொண்டைச் சளியும் அதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்ச் சேரும்.

நம் கிராமப்புறங்களில் புகை என்றால் பெரும்பாலும் பீடிதான். இலையில் சுற்றியது, உள்ளே கொஞ்சம் புகையிலைதானே இருக்கிறது, சிகரெட் அளவுக்குக் கெடுதி இருக்காது என்று நம்புகிறவர்கள் நிறைய. பீடியில் புகையிலை குறைவு என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் தெந்து இலை, சிகரெட் தாளைப்போலக் காற்றை உள்ளே விடாது. அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துபோகும். அதனால் பீடிக்காரர் அடிக்கடி இழுக்கிறார், ஆழமாக இழுக்கிறார். பீடிப் புகையில் தாரும் கார்பன் மோனாக்சைடும் நிகோடினும் சிகரெட்டைவிடக் கூடுதல் என்று ஆய்வகங்கள் பலமுறை அளந்து சொல்லியிருக்கின்றன. பீடி ‘லேசானது’ என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும்.

பிறர் விடும் புகை நோய் தரும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது எளிதாக நடக்கவில்லை. ஜப்பானியத் தொற்றுநோயியல் அறிஞர் தக்கேஷி ஹிரயாமா, புகைப்பழக்கம் இல்லாத 91,540 மனைவியரை 1966 முதல் 1979 வரை 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். எல்லோரும் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள். கணவர் அதிகமாகப் புகைக்கும் வீடுகளில், மனைவி நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கணவர் எவ்வளவு புகைத்தாரோ அந்த அளவுக்கு மனைவியின் ஆபத்தும் ஏறியது. 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளிவந்ததும் புகையிலை நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. கணக்கு தவறு என்று சொல்ல நிபுணர்களை அமர்த்தின; சந்தேகத்தை விதைக்கப் பணம் செலவிட்டன. அதே ஆண்டில் கிரீஸ் நாட்டிலிருந்து திரிகோபுலோஸ் குழுவும் அதே முடிவோடு வந்தது. பிறகு ஒவ்வொரு நாட்டிலிருந்தும் சான்று குவிந்தது. 1986இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் வெளியிட்ட அறிக்கை இதை உறுதிப்படுத்தியது. பின்னர் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பிறர் விடும் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2006இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், புகையிலை நிறுவனங்கள் பிறர் விடும் புகையின் ஆபத்தைத் தெரிந்துகொண்டே மக்களிடம் பொய் சொல்லின என்று தீர்ப்பெழுதினார். ‘இன்னும் உறுதியாகத் தெரியவில்லை’ என்று இன்றும் காதில் விழும் வாதம் எங்கே பிறந்தது என்பதற்கு அந்தத் தீர்ப்பே சாட்சி.

புற்றுநோயைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் பிறர் விடும் புகை அதிகமாகக் கொல்வது இதயத்தின் வழியே. 2004ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கை 2011இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அந்த ஓராண்டில் பிறர் விடும் புகையால் இறந்தவர்கள் 6,03,000 பேர். இவர்களில் 3,79,000 பேர் மாரடைப்பு போன்ற இதய நோயால் இறந்தவர்கள். 1,65,000 பேர் நுரையீரல் தொற்றால். 36,900 பேர் ஆஸ்துமாவால். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 21,400 பேர். மொத்தத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். கால்வாசிக்கும் மேல் குழந்தைகள். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டது.

இதயத்துக்கு ஏன் இவ்வளவு? புகையிலுள்ள பொருள்கள் இரத்தத்தில் கலந்ததும் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்குகின்றன. இரத்தக் குழாயின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. இதற்கு ஆண்டுக்கணக்கு தேவையில்லை. ஜப்பானில் ஆரோக்கியமான, புகைக்காத இளைஞர்களைப் புகை சூழ்ந்த அறையில் 30 நிமிடம் உட்காரவைத்து இதயத்தின் இரத்த ஓட்டத்தை அளந்தார்கள். அந்த அரைமணி நேரத்திலேயே அவர்களுடைய இதயக் குழாய்களின் தாங்குதிறன் வழக்கமாகப் புகைப்பவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டது. 2001இல் ஜாமா இதழில் வெளியான ஆய்வு அது. ஒருவர் இரண்டு பீடி பிடித்துவிட்டு மூன்றாவதைப் பற்றவைக்க அரைமணி நேரம் போதும். ‘எப்போதோ ஒன்று, அதுவும் தூரத்தில்’ என்று சமாதானம் சொல்ல இடமில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2006ஆம் ஆண்டு அறிக்கையும் ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்கிறது. அந்த அறிக்கையின்படி, வீட்டிலோ வேலையிடத்திலோ தொடர்ந்து பிறர் புகையைச் சுவாசிப்பவருக்கு இதய நோயின் ஆபத்து 25 முதல் 30 விழுக்காடு கூடுகிறது. நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து 20 முதல் 30 விழுக்காடு.

இனி பீங்கானுக்கு வருவோம். குவார்ட்ஸ் என்பது படிக சிலிக்கா. அதன் நுண்தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் அங்கே தழும்பு உண்டாகும், அதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்தில்லாத நோய் அது. படிக சிலிக்காவையும் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் வரிசையில் வைத்துவிட்டது. சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதாகப் பிடிக்கும். கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்களையே சிலிக்கா கொன்றுவிடுகிறது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிறு பீங்கான் பட்டறைத் தொழிலாளர்களிடம் சிலிக்கோசிஸும் காசநோயும் சேர்ந்து இருப்பதை 1995இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் புகை உள்ளே வருகிறது. நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் அசைந்துகொண்டே இருக்கின்றன. உள்ளே வரும் தூசியைச் சளியோடு சேர்த்து மேலே தள்ளிவிடுவது அவற்றின் வேலை. புகை அந்த மயிரிழைகளை மந்தமாக்குகிறது. தூசி அதிகமாக வரும் இடத்தில் தூசியை வெளியேற்றும் ஏற்பாடே படுத்துவிட்டால் என்ன ஆகும்? பொம்மை சுரண்டும் பெண்ணுக்கு அதுதான் நடக்கிறது. அவர் ஒரு பீடிகூடத் தொட்டிருக்க மாட்டார். காலையில் பட்டறையில் தூசியையும் புகையையும் சேர்த்துச் சுவாசித்துவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்க் கணவர் விடும் புகையைச் சுவாசிக்கிறார். எந்த நேரமும் அவர் நுரையீரலுக்கு ஓய்வில்லை.

காசநோய் பற்றி நமக்கு மிக அருகிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. விழுப்புரமும், விருத்தாசலம் அடங்கிய கடலூரும் 1993வரை தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தவை. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னை நகரிலும் விழுப்புரம் கிராமப்புறத்திலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டார்கள். 2003இல் லான்செட்டில் முடிவு வந்தது. புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல். இந்தியாவில் காசநோயால் இறக்கும் ஆண்களில் பாதிப் பேரின் மரணத்துக்குப் புகையே காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இதில் புகைக்காதவருக்கு என்ன என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. புகையால் காசநோய் வந்தவர் தனியாக இருமுவதில்லை; வீட்டில் மனைவி, பிள்ளைகள், பட்டறையில் உடன் வேலை செய்பவர்கள் எல்லோர் நடுவிலும் இருமுகிறார். பிறர் விடும் புகைக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வு, புகையோடு வாழும் குழந்தைகளுக்குக் காசநோய்த் தொற்றும் நோயும் கூடுதலாக வருவதைக் காட்டியது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குக் கிருமி ஒருபக்கம் வருகிறது. அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தியைக் குலைக்கும் புகை இன்னொருபக்கம் வருகிறது.

குழந்தைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை மூச்சுவிடுகிறார் என்றால் கைக்குழந்தை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் விடுகிறது. உடல் எடைக்குக் கணக்கிட்டால் ஒரே அறையில் குழந்தை உள்வாங்கும் நஞ்சு மிக அதிகம். திரும்பத் திரும்ப வரும் சளி, இழுப்பு, காதில் சீழ், நிமோனியா, தூக்கத்தில் திடீரென்று நேரும் சிசு மரணம் ஆகியவற்றுக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு உறுதியாகிவிட்டது. வயிற்றிலிருக்கும் குழந்தையையும் விடுவதில்லை; கர்ப்பிணி சுவாசிக்கும் பிறர் புகை குழந்தையின் பிறப்பு எடையைக் குறைக்கிறது. நிகோடின் உடலுக்குள் போனால் கோட்டினின் என்ற பொருளாக மாறுகிறது. வாழ்நாளில் புகையிலையைத் தொடாத குழந்தையின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் இந்தக் கோட்டினினை ஆய்வகத்தில் அளந்து காட்ட முடியும். இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

‘வாசலில் நின்றுதானே பிடிக்கிறேன்’ என்பார்கள். கதவும் சன்னலும் திறந்திருக்கும் வீட்டில் வாசல் புகை உள்ளேயும் வரும். மின்விசிறி புகையை வெளியேற்றாது, வீடு முழுக்கப் பரப்பும். காற்றோட்டக் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமே, எந்தக் காற்றோட்ட ஏற்பாட்டாலும் கட்டடத்துக்குள் இருக்கும் புகையின் ஆபத்தை நீக்க முடியாது, புகைப்பதை நிறுத்துவது ஒன்றுதான் வழி என்று அறிவித்துவிட்டது. புகை கலைந்த பிறகும் கதை முடிவதில்லை. சட்டையில், சுவரில், பாயில், தலைமுடியில் நிகோடின் படிகிறது. அது காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் தரும் நைட்ரோசமைன்களாக மாறுவதைக் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தினர் 2010இல் கண்டறிந்தார்கள். பீடி பிடித்த கையோடும் சட்டையோடும் பிள்ளையைத் தூக்குபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது, தெளிவாகவே இருக்கிறது. பொது இடத்தில் புகைப்பது மற்றவரின் வாழும் உரிமைக்கு எதிரானது என்று கேரள உயர்நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. முரளி தியோரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2001 நவம்பர் 2 அன்று பொது இடங்களில் புகைப்பதை நாடு முழுவதும் தடைசெய்ய உத்தரவிட்டது. தமிழ்நாடும் புகைபிடித்தல், எச்சில் துப்புதல் தடைச் சட்டத்தை இயற்றியது. மத்திய அரசின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. அதன் விதிகள் திருத்தப்பட்டு 2008 அக்டோபர் 2 முதல் நடப்புக்கு வந்தன. அந்த விதிகள்தான் முக்கியமானவை. வேலையிடங்கள் எல்லாம் பொது இடத்தின் கணக்கில் சேர்ந்தது அப்போதுதான். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் திறந்த வெளி என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றும் அந்த விதிகள் சொல்லின. அபராதம் 200 ரூபாய் வரை.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை நடத்துபவர், அதாவது உரிமையாளரோ மேலாளரோ மேற்பார்வையாளரோ, அங்கே யாரும் புகைக்காமல் பார்த்துக்கொள்ளப் பொறுப்பானவர். நுழைவாயிலில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். யாரிடம் புகார் சொல்வது என்று பெயரும் எழுதி வைக்க வேண்டும். சாம்பல் தட்டும் தீப்பெட்டியும் வைத்துக் கொடுக்கக் கூடாது. புகார் வந்தும் கவனிக்காவிட்டால், நடந்த குற்றங்களுக்கு ஈடான அபராதத்தை அவரே கட்ட வேண்டும்.

இந்த விதியின் அருமை கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்குத்தான் தெரியும். ‘அண்ணே, கொஞ்சம் வெளியே போய்ப் பிடிங்கண்ணே’ என்று சொல்ல அவருக்கு மனம் இருக்கும், துணிவு வராது. சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற கவலை. புகைப்பவர் முதலாளியாக இருந்தால் வாயே திறக்க முடியாது. வீட்டிலோ, சொன்னால் சண்டை. அதனால் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டிய சுமையை அவர் தலையிலிருந்து எடுத்து இடத்தை நடத்துபவர் தலையில் வைத்தது 2008ஆம் ஆண்டு விதி. அந்தச் சுமையை ஏற்க வேண்டியவர்கள் ஏற்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டுக்கு ஆதாரம் அரசின் கணக்கிலேயே இருக்கிறது. உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2009–10இல் ஒருமுறையும் 2016–17இல் ஒருமுறையும் நடந்தது. வீட்டில் பிறர் புகைக்கு ஆளானவர்கள் 52.3 விழுக்காட்டிலிருந்து 38.7 விழுக்காடாகக் குறைந்தார்கள். எந்தப் போலீஸ்காரரும் நுழையாத வீட்டுக்குள் அப்படி ஒரு மாற்றம். மனைவியரும் பிள்ளைகளும் சண்டை போட்டும் கெஞ்சியும் சாதித்தது அதில் ஒரு பங்காவது இருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆனால் கட்டடத்துக்குள் வேலை செய்பவர்களில் வேலையிடத்தில் பிறர் புகைக்கு ஆளானவர்கள் 29.9 விழுக்காடு, ஏழு ஆண்டு கழித்து 30.2 விழுக்காடு. சட்டம் கைவைக்காத வீட்டில் புகை குறைந்தது. சட்டம் தடைசெய்த வேலையிடத்தில் துளியும் குறையவில்லை. தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களுக்கு 20 பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்றும் அதே கணக்கெடுப்பு சொன்னது. மீதி 80 பேரின் காற்று யார் பொறுப்பு?

தடை பலிக்காது என்று சொல்பவர்கள் விருத்தாசலம் சந்திப்பில் ஒரு ரயில் ஏறிப் பார்க்கலாம். ஒருகாலத்தில் பெட்டிக்குப் பெட்டி பீடி வாடை அடித்தது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167ஆம் பிரிவும், பரிசோதகர்களின் கண்டிப்பும், சக பயணிகள் ‘இங்கே பிடிக்காதீங்க’ என்று உரிமையோடு சொல்லப் பழகியதும் சேர்ந்து இன்று பெட்டிக்குள் உட்கார்ந்து புகைப்பவரைக் காண்பது அரிது. புகைப்பவர்கள் ரயிலை விட்டுவிடவில்லை. பெட்டிக்குள் பிடிப்பதைத்தான் விட்டார்கள். பேருந்திலும் சினிமாக் கொட்டகையிலும் இதுவே நடந்தது. நம் மக்களுக்குக் கட்டுப்பாடு வராது என்பது வெறும் சாக்கு.

பலன் எவ்வளவு விரைவில் தெரியும் என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல உதாரணம். அங்கே 2006 மார்ச்சில் மூடிய பொது இடங்கள் அனைத்திலும் புகை தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் ஒன்பது மருத்துவமனைகளில் மாரடைப்பு போன்ற திடீர் இதய நோய்க்காகச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை 17 விழுக்காடு குறைந்தது. அந்தக் குறைவில் மூன்றில் இரண்டு பங்கு புகைப்பழக்கம் இல்லாதவர்களுடையது. தங்கள் நெஞ்சு எதனால் தப்பித்தது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

பீங்கான் தொழிலின் வரலாற்றிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரமும் சுற்றுப்புறமும் பீங்கானுக்குப் பேர்போனவை. தலைமுறை தலைமுறையாக அங்கே தொழிலாளர்கள் சிலிக்காத் தூசியால் மூச்சுத்திணறிச் செத்தார்கள். 1947, 1950 ஆண்டுகளின் விதிகள் வந்த பிறகே உலர் சிலிக்காத் தூளுக்குத் தடையும், ஈரத்தால் தரை துடைக்கும் கட்டாயமும், தூசி உறிஞ்சும் கருவிகளும் வந்தன. அதே இங்கிலாந்தில் வேலையிடங்களில் புகையை முழுக்கத் தடைசெய்ய 2007 ஜூலை 1 வரை ஆனது. தூசியை எதிரியாகப் பார்த்தவர்கள் புகையை எதிரியாகப் பார்க்க இன்னும் ஐம்பத்தேழு ஆண்டு பிடித்தது. நாம் அந்த வரிசையில் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டையும் சேர்த்தே எதிர்க்கலாம்.

விருத்தாசலத்தில் தூசிதானே பெரிய பிரச்சினை, முதலில் அதைக் கவனியுங்கள், பீடியை அப்புறம் பார்க்கலாம் என்று ஒரு வாதம் வரும். தூசி பெரிய பிரச்சினை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தூசி உறிஞ்சும் கருவியும் தரமான முகக்கவசமும் ஈரமுறைத் தேய்ப்பும் கண்டிப்பாக வர வேண்டும். அதற்குச் சிறு பட்டறைக்காரர்களுக்கு அரசு கடனும் மானியமும் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கெல்லாம் பணமும் காலமும் தேவை. புகையை நிறுத்த ஒரு ரூபாய் செலவில்லை. தூசியை ஒழிக்கும்வரை புகையைப் பொறுத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது நியாயமே இல்லை. தூசி இருப்பதால்தான் புகை அவரை இன்னும் மோசமாகத் தாக்குகிறது.

செலவைப் பற்றிப் பேசுவதானால் அதற்கும் கணக்கு உண்டு. பிறர் விடும் புகையால் வரும் நோய்களுக்காக இந்தியா 2017இல் செய்த நேரடி மருத்துவச் செலவு ஏறத்தாழ 56,700 கோடி ரூபாய் என்று பொருளாதார அறிஞர் ரிஜோ ஜானும் அவரது குழுவினரும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு பெண்களின் சிகிச்சைக்கானது. தாங்கள் புகைக்காத புகைக்காகப் பெண்களின் குடும்பங்கள் நகையை அடகு வைக்கின்றன.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. விருத்தாசலத்துச் செராமிக் தொழிற்பேட்டையின் பட்டறைக்காரர்கள் ஒன்றுகூடி, எந்தக் கூரையின் கீழும் பீடி, சிகரெட் கூடாது என்று தீர்மானம் போடலாம். வாசலில் வைக்க வேண்டிய எச்சரிக்கைப் பலகைக்கு அச்சகத்தைத் தேட வேண்டாம். அதே அளவில் பீங்கான் பலகை சுட்டு, எழுத்து பதித்து மாட்டலாம். வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. இந்த ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பப் பயிலகம் இருக்கிறது; அதன் மாணவர்கள் ஒரே பயிற்சி வகுப்பில் தொழிற்பேட்டை முழுவதற்கும் செய்து கொடுக்க முடியும். புகார் சொல்ல வேண்டியவரின் பெயரையும் மறக்காமல் எழுத வேண்டும். அந்தப் பெயர் வேலை செய்யும் பெண்களில் ஒருவருடையதாக இருந்தால் இன்னும் நல்லது. சரக்கு எடுக்க வரும் லாரிக்காரரும் வியாபாரியும் உள்ளே வரும்போது பீடியை அணைத்துவிட்டு வர வேண்டும் என்பதையும் அந்தத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் மார்புப் பரிசோதனை நடத்தும்போது வீட்டில் யார் புகைக்கிறார்கள் என்றும் மருத்துவர் கேட்டு எழுதட்டும். அந்த ஒரு கேள்வி பல இருமல்களின் காரணத்தைச் சொல்லும்.

புகைப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. உங்களைக் குற்றவாளியாக்குவது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. நிகோடின் எளிதில் விடாது என்பது மருத்துவம் அறிந்த உண்மை; அதற்குச் சிகிச்சையும் ஆலோசனையும் உண்டு. 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்தால் விடுவதற்கு வழி சொல்வார்கள். விடும்வரைக்கும் பட்டறைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் பற்றவைக்காதீர்கள்.